இரண்டு மழைக்கு நடுவே பெரிய மராமத்து: குமரி மாவட்ட அடுக்குமாடிச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னைச் சங்கங்கள் போட்டு வைத்திருக்கும் மராமத்துக் கால அட்டவணை நாகர்கோவிலில் செல்லாது. இங்கே வருஷத்துக்கு இரண்டு மழை. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) பிடித்தால் மேற்குச் சுவர் நனையத் தொடங்கும். அக்டோபரில் துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) வந்து மிச்சச் சுவரையும் நனைக்கும். நடுவில் ஆகஸ்ட், செப்டம்பரில் மழை கொஞ்சம் வெறித்தாலும் சுவர் முழுதாக உலர்வதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அந்த மாதங்களில் சாரத்தில் கட்டிய வலை நிற்காது. நாலு மாடிக் கட்டடத்துக்கு வெளிச்சாரம் கட்டி, கான்கிரீட் ஒட்டு வேலை (பழுதான கான்கிரீட்டைக் கொத்தி எடுத்துப் புதிதாக வைப்பது), மொட்டை மாடி நீர்த்தடுப்பு, பெயிண்ட் மூன்றையும் முடிக்க உங்களுக்குக் கிடைப்பது பொங்கல் கழிந்து மே நடுப்பகுதி வரை, நான்கே மாதம். அதிலும் ஏப்ரலில் கோடை மழை உண்டு. புனித வெள்ளி, ஈஸ்டர் வாரத்தில் உள்ளூர்க் கொத்தனார்கள் வரமாட்டார்கள், ஹோலிக்கு வடமாநில ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே நாளைப் பின்னிருந்து எண்ணுங்கள். மே 15க்குள் சாரம் இறங்க வேண்டும். ஜனவரி 20க்குள் சாரம் ஏற வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் வேலை உத்தரவு கையெழுத்தாகிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் ஒப்பந்தக்காரரைப் பிடிக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் விலைப்புள்ளி. அப்படியானால் கட்டட ஆய்வு எப்போது? ஜூன், ஜூலையில், மழை கொட்டும்போதே. பல சங்கங்கள் ஜனவரியில் பொதுக்குழு கூட்டி, பிப்ரவரியில் விலை கேட்டு, ஏப்ரலில் வேலையைத் தொடங்குகின்றன. ஜூனில் பாதிச் சாரம் நிற்க, ஈரச் சுவரில் பெயிண்ட் ஏறும். அடுத்த வருஷமே அது பொரிந்து உரியும்.

மழையில் ஆய்வு

ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வரைபட நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் வீடு வீடாகப் போய் ஓதம் தெரியும் இடத்தை வரைபடத்தில் குறித்து, சுவரில் சாக்பீஸால் விளிம்பு வரைந்து தேதி போடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். மழையோடு வந்து மழை விட்டதும் காய்வது வெளிச்சுவர் விரிசல் அல்லது மொட்டை மாடிக் கசிவு. மழை இல்லாத நாளிலும் ஈரம் மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறை அல்லது கழிவுக் குழாய். முன்னது சங்கத்தின் வேலை. பின்னதில் பொதுக் குழாய் சங்கத்துக்கு, வீட்டுக்குள் ஓடும் குழாயும் குளியலறைத் தரையும் அந்த வீட்டுக்காரருக்கு. இதை இப்போதே பிரித்து எழுதிவிட்டால் பின்னால் வரும் சண்டையில் பாதி வராது.

அடுத்தது சுத்தியல். அரைக் கிலோ சுத்தியலால் பால்கனி அடிப்பக்கம், சன்ஷேட், கார் நிறுத்தத்தின் தூண், உத்தரத்தின் அடி எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் ‘ணங்’ என்று கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு விட்டுப்போன இடம் ‘டொப்’ என்று பொந்தாகக் கேட்கும். பொந்துச் சத்தம் முடியும் இடம்வரை கோடு போட்டு அளந்து சதுர அடியில் எழுதுங்கள். கீழிருந்து பார்த்தால் கையளவு விரிசலாகத் தெரிவது தட்டினால் ஐந்து சதுர அடியாக விரிவது சாதாரணம்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலை ஒட்டிய கட்டடமானால் தட்டுவதோடு நிற்கக் கூடாது. கடற்காற்றில் வரும் உப்பு, அதாவது குளோரைடு, கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவேற்றும். வெளியே தெரிய வருஷங்கள் ஆகும். நான்கு சோதனைகள் கேளுங்கள். ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் இரண்டும் கான்கிரீட்டின் தரத்துக்கு. ஹாஃப் செல் சோதனை கம்பியின் நிலைக்கு: காப்பர் சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் தெளித்துப் பார்ப்பது நாலாவது. இளஞ்சிவப்பாக மாறினால் காரத்தன்மை இருக்கிறது, கம்பிக்குக் காவல் உண்டு. நிறம் மாறாத ஆழம் கம்பிவரை போயிருந்தால் அந்தக் காவல் போய்விட்டது என்று அர்த்தம். கோணத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் சிவில் துறைகளில் இதற்குக் கேட்டுப் பாருங்கள். சோதனை செய்பவரும் வேலை எடுப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. ‘இலவசமாக ஆய்வு செய்து தருகிறோம்’ என்று வரும் ரசாயனக் கம்பெனி ஆள் கடைசியில் தன் டப்பாவைத்தான் பரிந்துரைப்பார்.

கட்டடத்தை ஒப்படைத்து ஐந்து வருஷம் ஆகவில்லையா? ஒரு ஆணியும் அடிக்காதீர்கள். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி ஐந்து வருஷத்துக்குள் சொல்லப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டியவரே 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். படம் எடுத்து, எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். நீங்களே அவசரப்பட்டுப் பூசிவிட்டால் சாட்சி சுவருக்குள் போய்விடும்.

பணம், பங்கு, வரி

24 வீடு, 30 சென்ட் மனை என்று ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம். வேலை மதிப்பு 30,00,000 ரூபாய். எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம், 3,00,000. ஆக 33,00,000. இதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி 5,94,000. பொறியாளர் கூலி, சோதனைச் செலவு 1,20,000. மொத்தம் 40,14,000. கடலோரக் கட்டடமானால் எதிர்பாராத செலவை 15 சதவீதமாக வையுங்கள். உடைத்துப் பார்க்கும்வரை கம்பியின் நிலை யாருக்கும் தெரியாது.

பங்கு பிரிப்பது வீட்டுக்கு இவ்வளவு என்றா, யூ.டி.எஸ் (மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு) கணக்கிலா என்பதைத் துணைவிதி பார்த்து முடிவெடுங்கள். துணைவிதி ஒன்றும் சொல்லவில்லை என்றால் பத்திரத்தில் உள்ள யூ.டி.எஸ்தான் தகராறில் நிற்கும் அளவு. 30 சென்ட் என்பது 13,068 சதுர அடி. ஒரு வீட்டின் யூ.டி.எஸ் 540 சதுர அடி என்றால் பங்கு 4.13 சதவீதம், சுமார் 1,65,870 ரூபாய். கூட்டத்துக்கு முன்பே 24 வீட்டின் பத்திரத்தையும் பார்த்து யூ.டி.எஸ்ஸைக் கூட்டுங்கள். மொத்தம் 13,068 வராமல் ஐம்பது, நூறு அடி வித்தியாசம் வருவது உண்டு. அதை வசூலுக்குப் பிறகு கண்டுபிடித்தால் பெரிய தலைவலி.

ஜி.எஸ்.டியில் இன்னொரு சுழி. ஓர் உறுப்பினரின் சந்தா மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் போய், சங்கத்தின் வருஷ வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் சங்கமே ஜி.எஸ்.டி வசூலித்துக் கட்ட வேண்டி வரலாம். 1,65,870ஐப் பத்துத் தவணையாக வாங்கினால் மாதம் 16,587. இரண்டு வரம்பும் தாண்டிவிடும். 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் சொன்னது. இரண்டு, மூன்று வருஷம் முன்பிருந்தே மராமத்து நிதி என்று சிறுகச் சிறுகச் சேர்த்தால் இந்தச் சுமை குறையும். எப்படி வாங்கினாலும், வசூல் கடிதம் போகும் முன் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பதிவு பெற்ற சங்கம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் டி.டி.எஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும்: தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2. ஒரே பில் 30,000 தாண்டினாலோ வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலோ இது பொருந்தும். டேன் எண் (டி.டி.எஸ் கட்டுவதற்கான கணக்கு எண்) இல்லாத சங்கம் வேலை தொடங்கும் முன் வாங்கிவிட வேண்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஒப்பந்தக்காரர்கள் இங்கே நிறைய வேலை எடுக்கிறார்கள். கேரளப் பதிவு உள்ளவர் போடும் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி (மாநிலம் விட்டு மாநிலம் போடும் ஜி.எஸ்.டி) வரும். அது தவறில்லை, தொகையும் அதேதான். ஆனால் ஒப்பந்தத்தில் ‘வழக்கு நாகர்கோவில் நீதிமன்ற எல்லையில்’ என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

அறிவிப்பும் கூட்டமும்

இங்கிலாந்தில் குத்தகை உரிமை வீடுகளுக்கு ஒரு சட்டம் உண்டு, 1985ஆம் வருஷத்து நிலக்கிழார் குடியிருப்போர் சட்டம். ஒரு வீட்டின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் மராமத்து என்றால் முதலில் வேலையின் நோக்கத்தைச் சொல்லி 30 நாள், பிறகு விலைப்புள்ளிகளைக் காட்டி 30 நாள், வீட்டுக்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தால் ஒழிய, ஒரு வீட்டிடம் 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. நம்மிடம் இப்படி ஒரு விதி இல்லை. இருந்தாலும் இந்த இரண்டு கட்ட முறையைத் துணைவிதியில் எழுதி வைப்பது நல்லது. எங்கள் கணிப்பில் பணம் தராதவர்களில் பாதிப் பேர் பணம் இல்லாதவர்கள் அல்லர், ‘என்னிடம் யாரும் கேட்கவில்லை’ என்று நிற்பவர்கள்.

முதல் அறிவிப்பில் ஆய்வு அறிக்கையின் சுருக்கம், படங்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது, உத்தேசத் தொகை, வீடு வாரியான பங்கு. இரண்டாவதில் விலைப்புள்ளி ஒப்பீடு, குழுவின் பரிந்துரை, தவணைத் தேதி. இரண்டும் உரிமையாளர் பெயருக்கே போக வேண்டும். இந்த மாவட்டத்தில் உரிமையாளர்களில் ஒரு பங்கு எப்போதும் துபாயிலோ மஸ்கட்டிலோ இருப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டது அறிவிப்பு ஆகாது. மின்னஞ்சலிலும், பத்திர முகவரிக்கு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். மின்னஞ்சலில் வாக்களிக்கவும் வீடியோவில் கலந்துகொள்ளவும் துணைவிதி இடம் தருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைத் திருத்தும் தீர்மானம். வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக அண்ணனோ மச்சானோ வந்து கை தூக்கினால் பவர் பத்திரமோ கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமோ கோப்பில் இருக்க வேண்டும்.

மதிப்பீடு புதிதாகக் கட்டும் செலவில் பாதியை நெருங்கினால் மராமத்தை நிறுத்திவிட்டு மறுகட்டுமானத்தைப் பேசுங்கள். 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் 1983ஆம் வருஷச் சட்டம் வேறு. களியக்காவிளை தாண்டிய கட்டடங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாடகை, ஒத்தி வீடுகள்

ஒத்திக்கு இருப்பவர் மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கிறார். மாத மெயின்டனன்ஸ் அவர் கட்டுவதாக ஒப்பந்தம் இருக்கும். அதை வைத்து ‘பெரிய வேலைக்கும் ஒத்திக்காரரிடமே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று உரிமையாளர் தள்ளிவிடப் பார்ப்பார். சங்கத்தின் கோரிக்கை என்றைக்கும் உரிமையாளர் மேல்தான். தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் (2017) கட்டமைப்பு மராமத்து, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட் எல்லாவற்றையும், எழுத்தில் வேறு மாதிரி பேசியிருந்தால் ஒழிய, உரிமையாளர் கணக்கில்தான் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை சுத்தம் செய்வது போன்றவை குடியிருப்பவருடையவை.

குடியிருப்பவரிடம் உங்களுக்கு வேண்டியது பால்கனியும் குளியலறையும் திறந்து கிடைப்பது. எந்த வீட்டுக்குள் எந்த நாள் ஆள் வருவார் என்று 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லுங்கள். பால்கனியில் உடைப்பு வேலை நடக்கும் வீட்டில் கைக்குழந்தையோ மூச்சுத் தொல்லை உள்ள பெரியவரோ இருந்தால் நாளை மாற்றிக் கொடுங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட், டிஷ் ஆன்டெனா, துணிக்கொடிக் கம்பி, புறா வலை ஆகியவற்றைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 24 வீட்டில் 40 ஏ.சி. இருந்தால் இது சின்னத் தொகை இல்லை.

விலைப்புள்ளி

மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் போடாதீர்கள். அளவுப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் சதுர அடி அல்லது கிலோ வீதம் விலை வாங்குங்கள். பட்டியலை உங்கள் பொறியாளர் தயாரிக்க வேண்டும். மூன்று பேரும் அதே தாளில் விலை நிரப்ப வேண்டும். கான்கிரீட் ஒட்டு வேலையை 25, 50, 75 மி.மீ. ஆழம் என்று மூன்றாகப் பிரியுங்கள். மாற்றும் கம்பிக்குக் கிலோ விலை தனி. முட்டுக் கொடுக்கும் செலவு தனி.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஒரு கணக்கு. பட்டியலில் ஒட்டு வேலை 1,200 சதுர அடி. முதலாமவர் மொத்தம் 29,00,000, அதில் ஒட்டு வேலைக்குச் சதுர அடி 650. இரண்டாமவர் மொத்தம் 29,80,000, ஒட்டு வேலை 450. முதலாமவர் 80,000 குறைவு போலத் தெரியும். உடைத்த பிறகு 1,200 என்பது 1,800 ஆனால்? முதலாமவருக்கு 3,90,000 கூடி 32,90,000. இரண்டாமவருக்கு 2,70,000 கூடி 32,50,000. கூடும் என்று தெரிந்த வேலைக்கு விலையை ஏற்றி, கூடாத பெயிண்டில் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். ஒவ்வொரு விலைப்புள்ளியையும் ஒட்டு வேலை ஒன்றரை மடங்கானால் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பிறகு 15 நாளுக்கு ஒருமுறை அளந்து பில். ஒவ்வொரு பில்லிலும் 10 சதவீதம் நிறுத்தி வையுங்கள். அந்தப் பணம் ஒரு இடவப்பாதியும் ஒரு துலாவர்ஷமும் முழுதாகக் கடந்த பிறகுதான் வெளியே போகும் என்று எழுதுங்கள். ‘ஆறு மாதம்’ என்று எழுதினால் மே மாதம் முடிந்த வேலைக்கு நவம்பரில், கிழக்குச் சுவர் சோதனைக்கு வரும் நேரத்தில், பணம் போய்விடும். தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ், ஒப்பந்தக்காரர் ஆல் ரிஸ்க் பாலிசி (வேலையிடத்துச் சேதத்துக்கான காப்பீடு) இரண்டின் நகலும் கையில் வராமல் சாரம் ஏறக் கூடாது. ஆள் விழுந்தால் இழப்பீட்டுக் கேள்வி சங்கத்தின் வாசலுக்கும் வரும்.

வேலை நடக்கும்போது

சாரம் இரும்புக் குழாயில், இரட்டை வரிசையில். சவுக்குக் கட்டைச் சாரத்தை நாலு மாடிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். சுவரில் பிடிமானத்துக்குப் போடும் துளைகளை வரைபடத்தில் எண் போட்டுக் குறியுங்கள். சாரம் இறங்கும் அவசரத்தில் இவற்றை வெறும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் அங்கேதான் கசியும். சுருங்காத கலவையால் அடைத்து, மேலே நீர்த்தடுப்புப் பூச்சு. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்கு எழுதி உறை போட்ட பிறகே அந்தப் பக்கம் சாரம்.

ஒட்டு வேலையின் வரிசை இது. முதலில் முட்டு. பால்கனி அடியை உடைக்கும்போது மேலே பாரம் இருக்கும். கீழ் மாடி வரை ஜாக்கி முட்டு நிற்க வேண்டும். பொந்துப் பகுதியைச் சுற்றி கட்டிங் மெஷினில் 10 மி.மீ. ஆழத்துக்குச் சதுரமாக விளிம்பு வெட்டுங்கள். விளிம்பு சாய்வாக மெலிந்து முடிந்தால் ஒட்டு அங்கிருந்தே தூக்கும். கம்பி பாதி வெளியே தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள், விடாதீர்கள்: கம்பிக்குப் பின்னாலும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி கிடைக்கும்வரை கொத்த வேண்டும். விரலை நுழைத்துக் கம்பியைச் சுற்றித் தடவ முடிந்தால் சரி. பிறகு வயர் பிரஷ் மெஷினால் வெள்ளி நிறம் தெரியும்வரை துரு எடுப்பது. கம்பியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி வைத்துக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் விட்டத்தின் 50 மடங்கு மேலேற்றம் (பழைய கம்பியும் புதுக் கம்பியும் சேர்ந்து ஓடும் நீளம்), அதாவது 10 மி.மீ. கம்பிக்கு 500 மி.மீ.

கம்பிக்கு ஜிங்க் எபாக்சி பிரைமர். துரு போகாத கம்பியில் இதை அடித்தால் காசு வீண். கான்கிரீட் முகத்தில் ஒட்டும் பூச்சு அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலவையை வைத்து அழுத்த வேண்டும். பூச்சு அடித்துவிட்டு ஆள் டீ குடிக்கப் போய், திரும்பி வருவதற்குள் அது காய்ந்துவிட்டால், ஒட்ட வைக்க வேண்டியதே ஒட்டவிடாமல் தடுக்கும். மறுபடி அடித்துத்தான் தொடர வேண்டும். கலவையை 10 முதல் 15 மி.மீ. அடுக்குகளாக வைப்பது. 50 மி.மீ.க்கு மேல் ஆழம், அல்லது தூண் என்றால் பலகை அடித்து மைக்ரோ கான்கிரீட் (ஊற்றினால் தானே பரவும் பொடிக்கல் கலவை) ஊற்றுங்கள். ஏழு நாள் ஈரச் சாக்கு.

கடலோரத்தில் ஒரு சிக்கல் உண்டு. புது ஒட்டு சுத்தமானது, அதைச் சுற்றி இருக்கும் பழைய கான்கிரீட்டில் உப்பு இருக்கிறது. இந்த வேறுபாட்டால் ஒட்டின் விளிம்பை ஒட்டிய கம்பி முன்பைவிட வேகமாகத் துருக்கும். சில வருஷத்தில் ஒட்டுக்குப் பக்கத்தில் புது விரிசல் வருவது இதனால்தான். குளோரைடு அதிகம் என்று சோதனை சொல்லியிருந்தால் விளிம்புக் கம்பியில் ஜிங்க் ஆனோடு (கம்பிக்குப் பதில் தான் அரிந்து அதைக் காக்கும் துத்தநாகத் துண்டு) கட்டும் வேலையைப் பட்டியலிலேயே சேருங்கள். கலவைக்கும் ஈரம் போடவும் எடுக்கும் தண்ணீரையும் பாருங்கள். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கடல் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டும். லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

மூடும் முன் அளவெடுப்பது மிக முக்கியம். பொறியாளர், ஒப்பந்தக்காரர், குழுவில் ஒருவர், மூவரும் நின்று நீளம், அகலம், ஆழம் அளந்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அங்கேயே கையெழுத்து. மூடிய பிறகு யாராலும் அளக்க முடியாது. பில் தகராறு முக்கால்வாசி இங்கே பிறப்பது.

மொட்டை மாடியில் பழைய தட்டோட்டையும் செங்கல் ஜல்லியையும் எடுப்பதா, மேலேயே பூசுவதா என்பது தட்டிப் பார்த்தால் தெரியும். ஓடு பொந்தாகச் சத்தம் கொடுத்தால் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே தேங்கிய தண்ணீர் மேல்பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். விரிசலை 10 மி.மீ. ‘வி’ வடிவில் கீறி அடைத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் 50 மி.மீ. சாய்வுப் பட்டை வைத்து, நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுத்து, வலைத்துணி வைத்து இரண்டு கோட் நீர்த்தடுப்பு. பூச்சு சுவரில் ஓரடி மேலே ஏற வேண்டும். கசிவு தளத்தின் நடுவில் தொடங்குவது அபூர்வம். அந்த மூலையிலும் மழைநீர்க் குழாயின் வாயிலும்தான். குழாய் வாயை ஒட்டிக் கான்கிரீட்டைக் கொத்தி, சுருங்காத கலவை வைத்துப் பிறகே பூச்சு.

தண்ணீர் கட்டும் சோதனை இல்லாமல் பில் போடவிடாதீர்கள். வாயை அடைத்து, சராசரி 50 மி.மீ. தண்ணீர், 48 மணி நேரம். 50 மி.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம், பயன்பாட்டு மாடி அதைத் தாங்கும். ஆனால் முட்டு நிற்கும் பலவீனமான பகுதிக்குப் பொறியாளரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். சுவரில் பென்சிலால் நீர்மட்டக் கோடு போட்டு, பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீரில் அதே மாதிரி கோடு போடுங்கள். வாளியில் குறைவது வெயிலில் ஆவியானது. மாடியில் அதைவிட அதிகம் குறைந்தால் மிச்சம் உள்ளே போயிருக்கிறது.

இதற்குப் பதில் டிரஸ் அடித்து ஷீட் போட்டுவிடலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் சுவர் விரிசலுக்கும் குளியலறைக் கசிவுக்கும் அது ஒன்றும் செய்யாது. இந்தக் காற்றில் டிரஸ் கால்களின் அடித்தட்டுகள் தூண் தலையிலோ உத்தரத்திலோ கெமிக்கல் ஆங்கரில் (துளையில் பசை வைத்துப் பதிக்கும் போல்ட்) நிற்க வேண்டும், தளத்தில் அல்ல. உள்ளாட்சி அனுமதி கேட்டு வாங்க வேண்டும். நிழல் கிடைத்த இடத்தை மேல்மாடிக்காரர் தன் சாமான் அறையாக்கிக்கொள்ளும் தகராறு வேறு. போடத்தான் போகிறீர்கள் என்றால் அடித்தட்டை முதலில் பொருத்திவிட்டு நீர்த்தடுப்பைப் பிறகு செய்யுங்கள். நீர்த்தடுப்பு முடிந்த தளத்தில் துளை போட்டால் அங்கேதான் ஒழுகும்.

பெயிண்ட் கடைசி. புதுப் பூச்சுக்கு 28 நாள் விட வேண்டும். பாசி உள்ள இடத்தில் பூஞ்சைக்கொல்லி, கடலோரத்தில் நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவி உப்பை எடுப்பது. சுவர் காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் தெரிந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாரில்லை. வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி ஓடும். 24,000 சதுர அடிச் சுவருக்கு 400 முதல் 480 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி 20 முதல் 24. காலி வாளிகளை வேலை முடியும்வரை வெளியே விடாமல் எண்ணுங்கள். 14தான் இருக்கிறது என்றால் மீதி தண்ணீர்.

இடிபாட்டை லிஃப்டில் ஏற்றக் கூடாது, கதவுத் தடத்தில் மணல் சேர்ந்தால் லிஃப்ட் நிற்கும். குப்பை மாநகராட்சி காட்டும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ராத்திரியில் குளக்கரையில் கொட்டிவிட்டு வரும் டெம்போவுக்குப் பில் பாஸ் செய்யாதீர்கள்.

நிறுத்தி வைத்த பணத்தை விடும் முன் இரண்டு மழையிலும் எடுத்த படங்களைப் பொறியாளரிடம் காட்டி, சாரத் துளைகளையும் ஒட்டுகளையும் மாதிரிக்குச் சிலவற்றைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். நீர்த்தடுப்பு உத்தரவாதம் சங்கத்தின் பெயரில், ரசாயனக் கம்பெனியும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். பெயிண்ட் நிற எண், வாளிகளின் பேட்ச் எண், சோதனை அறிக்கைகள், ஒட்டு வேலை வரைபடம், அளவுப் புத்தகம், டி.டி.எஸ் சான்று எல்லாம் ஒரே கோப்பில் சங்க அலுவலகத்தில் இருக்கட்டும், செயலாளர் வீட்டு அலமாரியில் அல்ல.